சாட்சிக் கோடு

சென்ற மாதம் பேத்தி சாலவாக்கம் வந்திருந்தாள். சென்னையில் உயிர்வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். வந்ததும் கிணற்றடி, கொய்யா மரம் என்று சுற்றுகிறவள், இந்த முறை திண்ணையில் மடிக்கணினியோடு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"ஆறு மாச வேலை தாத்தா. லோடிங் கன்ட்ரோல் சரியில்லன்னு தோணுது."

திரையில் கறுப்புக் கோடுகள். வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்களே, அப்போது வேலூர் சி.எம்.சி.யில் கிடைத்த முடிவை அமெரிக்காவில் உறுதி செய்தது இந்தச் சோதனைதான். அங்கே கேள்வி, இருக்கிறதா இல்லையா என்பது. பேத்தியின் கேள்வி, எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பது. வம்பே அங்கேதான்.

செல்களை உடைத்து, புரதங்களை ஜெல்லில் உள்ள குழிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சிறியது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் ஓடிப் பிரியும். பிறகு ஒரு சவ்வுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விட்டால் கோடு தெரியும். ஒரு கோடு மங்கலாக இருந்தால், புரதம் குறைந்ததா, குழியில் விட்டதே குறைவா? இதைத் தெரிந்துகொள்ள, எந்த நிலையிலும் மாறாது என்று நம்பும் இன்னொரு புரதத்தையும் அதே சவ்வில் பார்க்கிறார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வைப்பதை அந்த மொழியில் 'தெமுவேன்' என்பார்கள். கோர்ட்டில் நிற்கும் சாட்சிக்கும் அதே சொல். பேத்தியிடம் சொன்னேன்.

"அப்ப என் சாட்சி பொய் சொல்லுது தாத்தா."

அவள் வைத்த சாட்சி ஜி.ஏ.பி.டி.எச்., சர்க்கரையை உடைக்கும் நொதி. அவள் ஆராய்வதோ ஆக்சிஜன் குறைந்த செல்களை. அந்த நிலையில் பல வகைச் செல்களில் இந்த நொதியே கூடிவிடுமாம். சாட்சி கூடினால், அதனால் வகுத்துப் பார்க்கும் புரதம் குறைந்ததுபோலத் தெரியும். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டில், கணக்குக் காட்டாதவனுடைய நெருங்கிய உறவினர்கூட வாரியத்துக்கு வரக்கூடாது என்றிருக்கிறது. இவள் வழக்குக்கு உறவுக்காரனையே சாட்சிக்கு அழைத்திருக்கிறாள்.

"ஏம்மா இதை எடுத்தே?"

"லேப் ஃபிரிட்ஜ்ல அந்தப் புட்டிதான் இருந்துச்சு. எல்லாரும் அதைத்தான் போடுறாங்க."

முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்தப் பதில் புதிதில்லை.

"வேற வைக்கிறதுதானே?"

"ஆக்டின் இருக்கு. ஆனா செல்லுல அது ஏராளம். கோடு முழுசா கறுத்துடும். பத்து மைக்ரோகிராம் போட்டாலும் இருபது போட்டாலும் ஒரே மாதிரி தெரியும்."

எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. எழுபதுகளில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வாசலில் ஒருவர் இருப்பார். டீயும் இரண்டு ரூபாயும் கொடுத்தால் யாருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். எந்த மனுவிலும் அதே அழகான கையெழுத்து. ஒருநாள் ஒரு விதவை வந்து நின்றாள். கொழுந்தன் வாங்கிய வாரிசுச் சான்றில் அவள் பெயரே இல்லை. குடும்பத்தை நன்கு அறிவேன் என்று சாட்சி சொன்னவர் இவர்தான். கீழே என் சுருக்கொப்பம். அந்த அம்மாள் எத்தனை வருஷம் அலைந்தாள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தனி ஒரு சாட்சியை நம்பாமல் குழியில் உள்ள மொத்தப் புரதத்தையும் சிவப்புச் சாயத்தில் பார்க்கப் போவதாகச் சொன்னாள். சாயத்தின் பெயர் போன்ஸோ. பிரெஞ்சில் ஒருவகைச் சிவப்புக்கு அந்தப் பெயர். தண்ணீரில் கழுவினால் போய்விடும், பிறகு அதே சவ்வில் எதிர்ப்பொருளும் விடலாமாம். ஐந்து, பத்து, இருபது, நாற்பது மைக்ரோகிராம் என்று போட்டு, கோடும் அதே கணக்கில் கூடுகிறதா என்றும் சரிபார்க்க வேண்டும் என்றாள்.

போன ஞாயிறு போன் செய்தாள்.

"மூணு முடிவுல ஒண்ணு போச்சு தாத்தா. ரெண்டு நிக்குது. நாளைக்கு கைடுகிட்ட சொல்லணும்."

சொன்னாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.