மூன்று தவணையில் வரும் வசந்தம்

யேனா, ஜெர்மனி



ஜெர்மனியின் வானிலைத் துறைக்கு ஆண்டுக்கு நான்கு பருவம் போதவில்லை. செடிகொடிகளின் போக்கைப் பார்த்து ஆண்டைப் பத்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் வசந்தத்துக்கு மூன்று தவணை. ஹேசல் புதரில் மஞ்சள் சரங்கள் தொங்கினால் முன்வசந்தம். ஃபோர்சித்தியா புதர் பூத்தால் முதல் வசந்தம். ஆப்பிள் மரம் பூத்தால்தான் முழு வசந்தம். எதற்கும் நிலையான தேதி கிடையாது. நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ச் செடி என்றைக்குப் பூத்தது என்று குறித்து அனுப்புகிறார்கள். ரைன் பள்ளத்தாக்கில் ஆப்பிள் பூத்துக் குலுங்கும்போது, எங்கள் துரிங்கியா மாநிலத்தின் மலைக்காட்டு ஊர்களில் மொட்டு இன்னும் வாயே திறந்திருக்காது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என் மகள் போகும் கீட்டாவின் சுவர். கீட்டா என்பது பள்ளிக்கு முந்தைய பிள்ளைகளின் இடம். பால்வாடி வயதிலிருந்து யு.கே.ஜி. வயதுவரை எல்லாரும் அங்கேதான். அந்தச் சுவரில் இரண்டு புதர், ஒரு மரம் என மூன்று படங்கள் ஒட்டியிருக்கின்றன. பிப்ரவரியிலிருந்து பிள்ளைகள் வெளியே போகும்போதெல்லாம் அந்த மூன்றின் முன்னாலும் நின்று பார்க்கிறார்கள். பூக்கவில்லை என்றால் படத்தின் கீழே ஒரு சாம்பல் வட்டம் ஒட்டவேண்டும். பூத்துவிட்டால் மஞ்சள் வட்டம். சாம்பல் வட்டங்கள் ரயில் பெட்டியாய் நீண்டுகொண்டே போகும். ஒரு காலை திடீரென்று மஞ்சள் விழும். அன்று பிள்ளைகள் போடும் கூச்சலுக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இங்கே மழலையர் வகுப்பில் வசந்தத்தின் பெயரால் நடக்கும் அத்தனை வேலைகளுக்கும் அடியில் இருப்பது இந்த ஒன்றுதான். உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் முன்னால் பிள்ளையை நிறுத்திவிட்டு, அது தன் வேகத்தில் நடந்து முடியும்வரை பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது. கேட்க எளிது. நம்மவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் வேறில்லை. எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் மார்ச் பிறந்தால் ஒரே புலம்பல்தான்: "பிள்ளை தினமும் சேற்றில் புரண்டு வருகிறது. ஏ, பி, சி எப்போது ஆரம்பிப்பார்கள்?" ஆறு வயதில், பள்ளியில் சேர்ந்த பிறகு என்பதுதான் பதில். அதுவரை எழுத்துப் பயிற்சிக்கு யாரும் அவசரப்படுவதில்லை.

அப்படியென்றால் என்னதான் படிக்கிறார்கள்? கிரெஸ் விதைப்பிலிருந்து தொடங்குகிறேன். கிரெஸ் என்பது கடுகுக் குடும்பத்துக் கீரை. முட்டை ஓட்டின் மேல்பாதியை எடுத்துவிட்டு, உள்ளே நனைத்த பஞ்சை வைத்து, அதன்மேல் விதையைத் தூவுகிறார்கள். ஓட்டின் வெளிப்பக்கம் கண்ணும் மூக்கும் வரைந்து விடுகிறார்கள். இரண்டொரு நாளில் முளை விடும். ஒரு வாரத்தில் மொட்டைத் தலைக்குப் பச்சை முடி வளர்ந்துவிடும். அந்த முடியைக் கத்தரித்து வெண்ணெய் தடவிய ரொட்டியில் தூவிச் சாப்பிடுவார்கள். வீட்டில் கீரையைக் கண்டால் ஓடும் பிள்ளைகூடத் தான் வளர்த்த முட்டைத்தலையனின் முடியை மிச்சமில்லாமல் தின்றுவிடுகிறது.

பாடம் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒரே நாளில் மூன்று தட்டுகளில் விதைக்கிறார்கள். ஒன்று ஜன்னலோரம். ஒன்று தண்ணீர் இல்லாமல். ஒன்று அலமாரிக்குள், இருட்டில். என்ன ஆகும் என்று டீச்சர் முன்கூட்டியே சொல்வதில்லை. பிள்ளைகள்தான் சொல்லவேண்டும்; ஒவ்வொருவர் ஊகமும் படமாக வரைந்து மாட்டப்படும். அலமாரியைத் திறந்து பார்க்கும் நாளில் பெரும்பாலானோர் ஏமாந்து போகிறார்கள். இருட்டில் வைத்தது செத்திருக்கும் என்று நினைத்தார்கள். அதுவோ ஜன்னலோரம் வைத்ததைவிட உயரமாக, ஆனால் வெளிறிய மஞ்சளாக, தலை சாய்ந்து நிற்கிறது. நம் கிராமத்துப் பெண்கள் முளைப்பாரியை வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்க்கும்போது பயிர் மஞ்சளித்து நீள்வதும் இதே காரணத்தால்தான்: ஒளியைத் தேடிச் செடி தண்டை நீட்டுகிறது. நான்கு வயதுக்கு அந்தக் காரணம் முழுதாகப் புரிய வேண்டியதில்லை. தான் நினைத்தது வேறு, நடந்தது வேறு என்று ஒரு பிள்ளை கண்ணால் கண்டுவிட்டால் அந்த வாரத்துக்கு அது போதும்.

கணக்கும் இங்கேதான் நுழைகிறது. கண்ணாடி டம்ளரின் உட்சுவருக்கும் ஈரமான டிஷ்யூவுக்கும் நடுவே ஒரு பீன்ஸ் விதையைச் செருகி வைக்கிறார்கள். தினமும் காலையில் ஒரு பிள்ளை வண்ணக் காகித நாடாவைச் செடியின் பக்கத்தில் பிடித்து, செடியின் உயரத்துக்கு வெட்டி, நேற்றைய நாடாவுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறது. அளவுகோல் இல்லை, எண் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாடாக்கள் சேர்ந்ததும் சுவரில் படிக்கட்டு போல ஒரு வரைபடம் நிற்கும். எந்த நாளில் செடி 'வேகமாக ஓடியது', எந்த நாளில் 'தூங்கியது' என்று எண்ணத் தெரியாத பிள்ளைகூட விரல் வைத்துக் காட்டுகிறது. வேர் நன்றாக இறங்கிய பிறகு ஒரு டம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள். சில நாளில் வேர் வளைந்து மறுபடியும் கீழே திரும்பியிருக்கும். "அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்ட ஒரு பையனுக்கு டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டார். விதைக்குக் கண் இருக்கிறது என்பது அவன் முடிவு. அதையும் எழுதி மாட்டிவிட்டார்கள்.

வெளியே நடப்பது இன்னும் சுவாரசியம். மார்ச்சில், ஈரமான இரவுகளில், குளிர் சற்றுக் குறைந்ததும் தேரைகள் காட்டிலிருந்து தாங்கள் பிறந்த குளத்துக்கு நடக்க ஆரம்பிக்கும். வழியில் தார்ச்சாலை. எனவே சாலையோரம் தாழ்வான வேலி கட்டி, அதை ஒட்டி மண்ணில் வாளிகளைப் புதைத்து வைக்கிறார்கள். வேலியில் முட்டித் திரும்பும் தேரைகள் வாளியில் விழும். விடிந்ததும் தன்னார்வலர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து குளத்தருகே விடுவார்கள். மழலையர் குழுக்களும் சில ஊர்களில் இதற்குப் போகின்றன. எத்தனை தேரை என்று கோடு போட்டுக் குறிப்பது பிள்ளைகளின் வேலை. ஆண் தேரை உருவில் சிறியது, பெண்ணின் முதுகில் தொற்றிக்கொண்டே பயணம் செய்யும். இதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று ஐந்து வயதுக்காரர்கள் நடத்தும் வாதம் கேட்கத் தக்கது.

அதே தேரையின் முட்டையைக் குளத்திலிருந்து அள்ளி வந்து வகுப்பில் வளர்க்கலாமா என்றால் கூடாது. இந்த நாட்டின் தவளை, தேரை இனங்கள் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. தலைப்பிரட்டையைப் பார்க்கவேண்டுமா, குளத்துக்குத்தான் போகவேண்டும். அதனால் பிள்ளைகள் ஒரே குளத்தை வாராவாரம் பார்க்கிறார்கள். வால் குறைந்து கால் முளைப்பதை அதனதன் இடத்திலேயே காண்கிறார்கள். மண்புழுவுக்கு அந்தத் தடை இல்லை. கண்ணாடி ஜாடியில் மணலையும் கறுப்பு மண்ணையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரப்படுத்தி, மேலே வாடிய இலைகளைப் போட்டு, நான்கைந்து புழுக்களை விட்டு, கறுப்புத் தாளால் சுற்றி வைக்கிறார்கள். சில வாரங்கள் கழித்துத் தாளைப் பிரித்தால் அடுக்குகள் கலைந்து கலந்திருக்கும். இலைகள் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். பிறகு புழுக்களைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வரவேண்டும். அந்த வழியனுப்பு விழாவுக்குச் சில பிள்ளைகள் அழுவதும் உண்டு.

ஈஸ்டர் நெருங்கும்போது முட்டைக்குச் சாயம். கடைச் சாயப்பொடி ஏராளம் கிடைத்தாலும் எங்கள் கீட்டாவில் சமையலறைச் சாயம்தான். வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்தால் செம்பழுப்பு, சிவப்பு முட்டைக்கோஸிலிருந்து நீலம், மஞ்சளுக்கு மஞ்சள்தூள். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டு டப்பாவுக்குத் தனி மரியாதை. முட்டையின்மேல் ஒரு சிறு இலையை ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டிச் சாயநீரில் போடுகிறார்கள். கட்டை அவிழ்த்து இலையை உரித்தால் அதன் வடிவம் மட்டும் வெளிறி நிற்கும். முடிச்சு போட மூன்று வயது விரல்களுக்கு வராது. ஐந்து வயதுப் பிள்ளை போட்டுத் தருகிறது. எல்லா வயதையும் ஒரே குழுவில் வைத்திருப்பதன் பயன் அப்போது தெரிகிறது.

இந்த முறைக்கு இந்த ஊர்ப்பக்கத்திலேயே வேர் உண்டு. யேனாவிலிருந்து ரயிலேறிப் போய்வரும் தூரத்தில் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூர். இளமையில் வனத்துறையில் வேலை பழகிய ஃபிரீட்ரிஷ் ஃப்ரோபெல் அங்கேதான் 1837இல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக ஓர் இடத்தை அமைத்தார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். உலகம் முழுக்கப் பரவிய பெயர் அது. அவருடைய மரப்பந்துகளையும் கனசதுரங்களையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சின்னப் பாத்தி கொடுத்ததும், சுற்றிலும் எல்லாருக்கும் பொதுவான பாத்திகள் வைத்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உன் செடிக்குத் தண்ணீர் விட மறந்தால் உன் செடி வாடும். பொதுப் பாத்தியை மறந்தால் எல்லாருக்கும் நஷ்டம். இதைச் சொல்லிப் புரியவைக்கச் சொற்பொழிவு தேவைப்படவில்லை. ஆனாலும் பிரஷ்ய அரசு 1851இல், நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகிறது என்று சொல்லிக் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860இல்தான். பிள்ளைகள் பாத்தி கட்டுவதைப் பார்த்து ஓர் அரசாங்கம் நடுங்கியிருக்கிறது!

இதன் தொடர்ச்சியாக நம் மண்ணிலும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டு இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. அந்தக் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோதுதான், செடி, விலங்கு, மண், வானம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டும் தம் கல்வி முறையை மகன் மரியோவோடு சேர்ந்து விரிவாக்கினார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள், சுற்றிலும் மலைக்காடு. அவருக்கு வேறென்ன ஆய்வுக்கூடம் வேண்டும்?

ஊருக்கு வரும்போது எல்.கே.ஜி. வகுப்புச் சுவர்களைப் பார்க்கிறேன். 'ஸ்பிரிங்' என்ற தலைப்பில் டியூலிப் பூவும் முயலும். பிள்ளைகள் அதற்கு வண்ணம் அடிக்கிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அச்சடித்த புத்தகம் கையில் தருவது அதைத்தான். ஆனால் வெளியே டியூலிப் இல்லை. எனவே சாம்பல் வட்டமும் இல்லை, மஞ்சள் வட்டமும் இல்லை. பிள்ளைக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. நம் பெரும்பொழுதுகள் ஆறு. இளவேனில் என்பது சித்திரை, வைகாசி. அதற்குள் பள்ளி மூடிவிடுகிறது. ஆனால் பங்குனியிலேயே புங்கமரம் இலையுதிர்த்துப் பளபளவென்று தளிர்க்கிறது. அந்த ஒரு மரத்தைப் பள்ளி வாசலில் வைத்துக்கொண்டு ஒரு மாதப் பாடம் நடத்தலாம்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. இங்கே வசந்தம் செய்யும் வேலையை நம் மண்ணில் செய்வது ஐப்பசி மழைதான். உறங்கிய விதை முளைப்பது, மண்புழு மேலே வருவது, தவளை கத்துவது, மரவட்டை ஊர்வது, ஈசல் பறப்பது எல்லாம் அப்போதுதான். ஜெர்மன் மழலையர் மார்ச்சில் செய்யும் அத்தனையையும் நம் பிள்ளைகள் செய்யவேண்டிய மாதம் அதுவே. நாமோ மழை என்றதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோம். புயலிலும் வெள்ளத்திலும் விடுமுறை விடுவது நியாயம். ஆனால் மழை வெறித்த முதல் காலையில் அரைமணி நேரம் வெளியே அழைத்துப் போகத் தடை எது?

மழலையர் வகுப்பு நடத்தும் வாசகர்கள் இந்த ஐப்பசியில் முயன்று பாருங்கள். கடுகு, வெந்தயம், பழைய தேங்காய்ச் சிரட்டை, வண்ணத்தாள், கத்தரிக்கோல் போதும். பெற்றோருக்கு முன்னதாகவே ஒரு சீட்டு அனுப்பிவிடுங்கள்: "நாளை பிள்ளைக்குப் பழைய துணி போட்டு அனுப்பவும்." அதற்குச் சண்டைக்கு வருபவர்களும் இருப்பார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் மரவட்டைக்கு எத்தனை கால் என்று கேட்கும்போது அவர்களும் குனிந்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
யேனாவிலிருந்து உங்கள் கட்டுரையாளர்