தொலைவிலிருந்து வந்த சொல்



கூடுவாஞ்சேரியில் நம் சபைக் குடும்பம் ஒன்றில் 11 வயது மகன் இருக்கிறான். அவனுக்கு டூஷென் தசைச்சிதைவு நோய். ஈராண்டுகளுக்கு முன்பு அவ்வீட்டு மாடிப்படியின் கீழே நின்று, "விசுவாசத்தோடே ஏறு தம்பி, பெலன் வரும்" என்று நான் அவனை ஏவினேன். மூன்று தரம் ஏறி இறங்கினான். மறுநாள் கால்வலியால் எழும்ப முடியாமல் கிடந்தான் என்று அவன் தாயார் சொன்னார்கள். குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதுவே என்னை அதிகமாய் வருத்திற்று.

பிற்பாடுதான் விசாரித்து அறிந்தேன். தசை இழைகளின் உறையைக் காக்கிற டிஸ்ட்ரோபின் என்னும் புரதம், 1987இல் கண்டறியப்பட்டது, இந்நோயாளிகளின் தசைகளில் ஏறக்குறைய இல்லை. ஆகையால் நம்மை வலுப்படுத்தும் கடும் உழைப்பே அவர்கள் தசையைச் சேதப்படுத்துகிறது. படியிறங்குவது ஏறுவதைவிடக் கேடு. சும்மாயிருந்தாலும் மூட்டுகள் இறுகும், குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்க நேரிடும். எல்லாம் அளவில் இருக்கிறது.

அந்த அளவைச் சொல்லுகிறவரோ சென்னையில் இருக்கிறார். பிள்ளையைச் சுமந்து ரயில் நிலையத்து மேம்பாலப் படியேறி, மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால், போய்ச் சேருகையில் பயிற்சிக்கு உடலில் என்ன மீந்திருக்கும்? 2020 மார்ச்சில், தொலைவிலிருந்து மருத்துவர்கள் ஆலோசனை தருவதற்கான நெறிமுறைகளை நடுவண் அரசு வெளியிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் பழகிய அவ்வழி இவ்வீட்டுக்கும் வந்தது.

சனிக்கிழமை காலை, அரிசி டப்பாவில் சாய்த்த கைப்பேசியில் இயன்முறை மருத்துவர் தோன்றுவார். கண் அவருடையது, கை தாயாருடையது. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்ல வளைத்து, 30 எண்ணும்வரை பிடிப்பார்கள். "மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? நாளைக்கு வலித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கறுத்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குப் போங்கள்."

திரை எல்லாவற்றையும் காணாது. மூட்டின் இறுக்கத்தைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். இருதயத்தையும் சுவாசத்தையும் நேரில் சோதிக்க வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருப்பதையும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தசைச்சிதைவைத் தன் பட்டியலில் சேர்த்திருப்பதையும், இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி, ஆண்டவர் தன் வீட்டுக்கு வராமல் ஒரு வார்த்தை சொன்னாலே போதும் என்று நம்பியதை அநேகந்தரம் பிரசங்கித்திருக்கிறேன். அவ்வீட்டில் திமிர்வாதமாய்க் கிடந்தவனருகே அந்நேரம் யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றான். கடந்த வாரம் டப்பா சரிந்தபடியால் கைப்பேசியை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கிற்றுப் போலும். "ஐயா, இன்னும் கொஞ்சம் கீழே பிடியுங்கள். என் கால் அவருக்குத் தெரியவில்லையாம்" என்றான்.