கரண்ட் வைக்கும் முன் ஒரு நாள் பொறுங்கள்



கதிர்வீச்சு சிகிச்சைக்கு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைக்க', வீட்டில் ஒருவரை அழைத்துப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், ஸ்கேன் எடுத்து ஒரு வாரம் ஆச்சு. இன்னும் ஆரம்பிக்கலையே, ஏன் இழுத்தடிக்கிறாங்க?" கூட்டமும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் ஒரு முக்கியமான வேலை நடக்கிறது. இயற்பியல் வாத்தியார் ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லீனியர் ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் எக்ஸ் கதிருக்குக் கட்டியின் வடிவம் தெரியாது. நாம்தான் அதற்கு வடிவம் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் சுமார் 70 டிகிரியிலேயே உருகும் உலோகக் கலவையை வார்த்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே தடுப்புக் கட்டை செய்தார்கள். இப்போது அந்த வேலையைச் செய்வது மல்டிலீஃப் கொலிமேட்டர். எதிரெதிரே இரண்டு வரிசை டங்ஸ்டன் தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி மோட்டார். பரவலாக உள்ள ஒரு வகையில் மொத்தம் 120 தகடுகள்.

ஐஎம்ஆர்டி என்ற முறையில் கதிர் பாயும்போதே தகடுகள் நகரும். எதிரெதிர்த் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி உடலின் மேல் ஊர்ந்து போகும். இடைவெளி அகலமானால் ஓர் இடத்தில் கதிர் விழும் நேரமும் கூடும். இப்போது கணக்குப் போடுங்கள். 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 11 ஆகிவிட்டால், டோஸ் ஏறக்குறைய 10 சதவீதம் கூடிவிடும். 'ஒரு மில்லிமீட்டர்தானே' என்று விட முடியுமா?

அதனால்தான் மருத்துவ இயற்பியலாளர்கள் வேலிக்கால் நட்டதுபோல வரிசையாகக் கோடுகள் விழச் செய்து, எந்தத் தகடாவது பிசகி நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு நோயாளி படுக்கும் இடத்தில் அளவுகருவியை வைத்து, அவருக்கான திட்டத்தை ஒருமுறை ஓட்டி, கணக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறார்கள்.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? 2005 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில், நாக்குப் புற்றுநோய் உள்ள ஒருவரின் திட்டத்தை மாற்றிச் சேமிக்கும்போது கணினி நின்றுவிட்டது. தகடுகளுக்கான கட்டளை பதிவாகவில்லை. தகடுகள் முழுக்கத் திறந்தபடியே மூன்று நாள் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் சிகிச்சை முடிந்த பிறகுதான் சோதனை ஓட்டிப் பார்த்தார்கள். அதற்குள் ஏறக்குறைய 39 கிரே கதிர் பாய்ந்திருந்தது. தர வேண்டியதைப் போலப் பல மடங்கு. 2007இல் அவர் இறந்துபோனார். அந்தச் சோதனையை முதல் நாளுக்கு முன்பே செய்திருந்தால் தவறு அப்போதே தெரிந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டுச் சிகிச்சைக்குப் பயப்படாதீர்கள். எத்தனையோ பேரைக் காப்பாற்றும் சிகிச்சை இது. "நாளைக்கே ஆரம்பியுங்கள்" என்று டாக்டரை நெருக்காதீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, "திட்டத்தை அளந்து சரிபார்த்தாயிற்றா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நடுவில் திட்டம் மாறினால் மறுபடியும் கேளுங்கள். கேள்வி கேட்கத்தானே உங்களைப் பழக்கினேன்?

எல்லோரும் நலமாக இருங்கள்.