பிள்ளையை அமர்த்துவது

ஏழாவது மாதத்தில் மகளுக்குக் கீழ்ப்பல் முளைத்தது. இரவெல்லாம் அழுகை. "கண்ணு, பிள்ளைய அமத்து. அவன் காத்தால வேலைக்குப் போகோணும்" என்றார் அத்தை. எனக்கும் காலையில் வகுப்பு இருந்தது. அதை நானே சொல்லவில்லை.

கணவர் மருந்துக்கடையில் ஒரு ஜெல் வாங்கி வந்தார். கடையில் யாரும் மருந்துச்சீட்டு கேட்கவில்லை. "ஈறுல தடவுங்க, ரெண்டு நிமிசத்துல மரத்துருமுங்க" என்றாராம் கடைக்காரர். மரத்தது. எச்சிலில் கரைந்து போனதும் மறுபடி அழுகை, மறுபடி தடவினேன். நான்காவது முறைக்குப் பிறகு ஊட்டிய பால் புரையேறி, பிள்ளை மூச்சுத் திணறினாள். ஈறோடு தொண்டையும் மரத்திருந்தது.

மருத்துவர் ட்யூபைத் திருப்பிப் படித்தார்: லிடோகெய்ன். "நீங்க படிச்சவங்கதானே?" என்று என்னைக் கேட்டார். வாங்கி வந்தவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். லிடோகெய்ன் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு அந்தக் கரைசலைத் தரக் கூடாதென்று 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டம் கட்டி எச்சரித்தது. இன்னொரு மரப்பு மருந்தான பென்சோகெய்ன் ரத்தத்திலேயே கை வைக்கும். ஹீமோகுளோபின் உருமாறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பாயும். ரத்தம் சாக்லேட் நிறமாகும். அதற்கு முறிமருந்து மெத்திலீன் நீலம், 19ஆம் நூற்றாண்டில் துணிக்காக உருவான சாயம். (திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு இது மறக்காது.) இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பென்சோகெய்ன் விற்பதை நிறுத்தும்படி 2018இல் அதே நிர்வாகம் கேட்டுக்கொண்டது.

பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போன பெண்கள், ஒரு காலத்தில், அபின் கலந்த 'பாலா கோலி'யைக் கொடுத்துக் கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் போனார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். எங்கள் தெருத் தறிக்குடோனில் மொத்தமே நாலைந்து பேர்.

அங்கே இரவு ஷிப்டு ஓட்டுகிற பெண், பாவு நூல் கட்டுகளுக்குப் பக்கத்தில் தூளி கட்டியிருப்பாள். அவள் பையனுக்குப் பல் முளைத்தபோது அந்த ஜெல்லின் பெயரைக் கேட்டு வந்தாள். வேண்டாம் என்றேன். சுத்தமான ஈரத்துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடு, விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடு என்று மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்கக்கா. நா தறியில நிக்கையில அந்தத் துணிய யாருங்க புடிச்சிட்டு உக்கார்றது?"