பஸறாவின் வெண்மை

இத்தாலியிலே ஃபயென்ஸா என்றொரு சிறு நகரம். பல நாட்டு மட்பாண்டக் கலைஞர்களும் தம் படைப்புகளை அனுப்பிப் போட்டியிடும் கண்காட்சி அங்கே நடைபெறுகிறது. 1938இல் இத்தாலியருக்கென்று தொடங்கி, 1963 முதல் எல்லா நாட்டவருக்கும் திறந்துவிட்டார்கள். 2023 மே மாதம் நகருக்குள் வெள்ளம் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது. அந்த வருடமும் கண்காட்சியைக் கைவிடவில்லை.

என் மகள் சித்திரப் பாட ஆசிரியை. அவள் கொண்டுவந்த விவரப் புத்தகத்தைப் புரட்டினேன். சோறு போடக்கூடிய பாத்திரம் அதில் அரிது. இதுவும் மட்பாண்டமா என்றுதான் நம் வீடுகளில் கேட்பார்கள்.

ஆனால் சகோதரிகளே, அந்த ஊர்ப் பெயரிலே நம் வரலாறும் கலந்திருக்கிறது. வெண்பூச்சிட்ட மட்பாண்டத்தை ஐரோப்பாவில் 'ஃபயான்ஸ்' என்று அழைப்பது ஃபயென்ஸாவின் பெயராலேயே. அந்த வெண்மையோ பஸறாவில் பிறந்தது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், அப்பாஸியர் ஆட்சியிலே, சீனத்து வெள்ளைப் பீங்கான்கள் கடல் வழியாக ஈராக்குக்கு வந்தன. அந்தக் களிமண் அங்கே இல்லை; அத்தனை சூட்டில் சுடும் சூளையும் இல்லை. பஸறாக் குயவர்கள் பூச்சிலே வெள்ளீயத்தைக் கலந்தார்கள். சாதாரண மண் பால்போல் வெளுத்தது. அதன்மேல் நீலச் சாயத்தால், உடையவருக்கு பரக்கத் வேண்டும் துஆவை எழுதினார்கள். பொன்போல் மின்னும் பூச்சையும் கண்டுபிடித்தார்கள். பொன், வெள்ளிப் பாத்திரங்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருந்ததே அதற்குக் காரணம் என்போர் உண்டு. அரண்மனைகளில் எல்லோரும் அதைப் பேணினார்களா என்பது வேறு கதை! இந்த வித்தை அந்தலூஸுக்குப் போய், மாலகாவிலே வளர்ந்து, கப்பலேறி இத்தாலியை அடைந்தது.

அக்காலக் கடல் வாணிபத்தில் மன்னாருக்கு அருகேயுள்ள மாந்தையும் ஒரு துறைமுகம். 1980களில் அங்கே அகழ்ந்தபோது சீனத்து ஓடுகளும் மேற்காசிய ஓடுகளும் கிடைத்தன.

நான் மன்னார்க்காரி. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது, உம்மாவின் அலுமாரியிலிருந்த பீங்கான்கள் அப்படியே நின்றுவிட்டன. கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் அயல் வீடுகளுக்கு இரவல் போய் வந்த பீங்கான்கள். பன்னிரண்டு வருடங்களின் பின் போய்ப் பார்த்தோம். வீடிருந்த இடத்தில் பற்றை. அதற்குள்ளே ஓடுகள் கிடந்தன. நீலக்கரைத் துண்டொன்றை உம்மா எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

1944 மேயில் ஃபயென்ஸாவின் மட்பாண்ட நூதனசாலையும் குண்டுவீச்சில் நொறுங்கியது. 1908இல் அதை நிறுவிய பல்லார்தீனி, இடிபாட்டிலிருந்து ஓடுகளைச் சேர்த்தெடுத்தார். முடிந்தவற்றை ஒட்டினார்கள். வெளிநாட்டுக் கலைஞர்களிடமும் உதவி கேட்டார். பிக்காசோ தம் தட்டுகளை அனுப்பினார். இதையெல்லாம் அறிந்த பின், சோறு போட உதவாததையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்பதற்கு எனக்குப் பாதிச் சம்மதம் வந்தது. முழுச் சம்மதம் இன்னும் இல்லை.

உம்மாவின் துண்டு இப்போது புத்தளத்தில் என் மகளிடம் இருக்கிறது. எந்த நாட்டுப் பீங்கான் என்று கேட்டாள். முத்திரை இருந்த அடிப்பக்கம் அந்தத் துண்டில் இல்லை.