அடி உதவவில்லை

என் மகனை மருத்துவரிடம் காட்டும்படி முதலில் சொன்னவர் அவனுடைய ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஓரிடத்தில் உட்காரமாட்டான், பக்கத்துப் பிள்ளையை அடிப்பான், கையை உதறிக்கொண்டு சாலையில் ஓடுவான். "குழந்தைகள் மனநல மருத்துவர்கிட்ட ஒருதடவை காட்டுங்க சார்" என்றார். "எம்புள்ள என்ன பைத்தியமா?" என்று மற்ற பெற்றோர் முன்னால் அவரிடம் கத்தினேன். வீட்டுக்கு வந்து மகனை பெல்ட்டால் அடித்தேன்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அடித்தால் திருந்துவான் என்று நம்பினேன் எனச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது முழு உண்மையில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், சின்ன வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன் என்பது. மருத்துவர் என்னைக் கைகாட்டிவிடுவாரோ என்று அஞ்சினேன். அதை மறைக்க, "நீ குடுத்த செல்லம்தான் இவனைக் கெடுத்துச்சு" என்று மனைவிமேல் பழியைப் போட்டேன். தனியாகவாவது கூட்டிப்போகிறேன் என்று அவள் சொன்னபோதும் தடுத்தேன்.

மகன் தன் தங்கையை அடிக்கத் தொடங்கினான். அடிக்கும்போது நான் சொல்லும் அதே வார்த்தைகளைச் சொன்னான். அதன் பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலுள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனோம். முதலில் காதையும் கண்ணையும் சோதித்தார்கள். எங்களுக்கு ஒரு படிவம், ஆசிரியைக்கு ஒரு படிவம். வீடு, பள்ளி இரண்டிலும் 6 மாதத்துக்குக் குறையாமல் இந்த நடத்தை இருந்தால்தான் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு, என்று முடிவு செய்வார்களாம். என் மகனுக்கு அதுதான் என்று உறுதியானது. பரம்பரையாக வர வாய்ப்பு அதிகம், அது யாருடைய குற்றமும் இல்லை என்றார் மருத்துவர். 6 வயதுக்குள் வந்தால் பெரும்பாலும் மாத்திரைக்கு முன் பெற்றோருக்கான பயிற்சியில்தான் தொடங்குவோம் என்றும் சொன்னார். என் மகன் அந்த வயதைத் தாண்டியிருந்தான். தாண்டவிட்டவன் நான்.

ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்ல வேண்டும், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும், செய்ததும் பாராட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நானோ மூன்று வேலைகளைச் சேர்த்து அடுத்த அறையிலிருந்து கத்துவேன், செய்யாததற்கு அடிப்பேன். தன்னால் முடியாததற்காக அடி வாங்கியிருக்கிறான் பிள்ளை.

இப்போது மாத்திரையும் பயிற்சியும் உதவுகின்றன. ஆனால், நான் சட்டென்று கிட்டே போனால் தோளைக் குறுக்குகிறான். அது அவனுடைய குறைபாடு இல்லை, நான் கொடுத்தது. ஆசிரியையிடமும் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என்னைப்போல் மானத்துக்குப் பயந்து பிள்ளையை அடித்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள் இன்றைக்கே 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மனம் வரவில்லையென்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் மனைவிக்குக் குறுக்கேயாவது நிற்காதீர்கள்.