பணம் வந்தது, பில் மூடவில்லை

போன மாதம் ஒரு சிறுதொழில் பயிற்சி வகுப்பில் ஓர் இளைஞர் சொன்னார்: "லிங்க் அனுப்பினா போதும் சார், டாலர் தானா வந்து விழும்." கூடம் கைதட்டியது. பதினான்கு வருஷமாக நாச்சியார்கோயில் குத்துவிளக்கை இணையத்தில் விற்று வருகிறவன் நான். எனக்குக் கை எழவில்லை.

ஏற்றுமதிக்கு வேண்டிய ஐஇசி எண், வங்கி தரும் ஏடி கோடு எல்லாம் வாங்கியவர்களுக்குத் தெரியும். பாடாய்ப் படுத்துவது அதற்குப் பிறகு வருவது. 400 டாலர் விளக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் 400 என்றே இருக்கும். கார்டு கட்டணமும் மாற்றுக் கழிவும் போக வங்கிக்கு வருவது 380 சொச்சம். மிச்சம் இருபது டாலர் வரவில்லை என்று, ஏற்றுமதி வரவுகளைக் கண்காணிக்கும் இடிபிஎம்எஸ்ஸில் அந்த பில் திறந்தே கிடக்கும். ஒரு வருஷம் இப்படிப் பதினேழு பில் சேர்ந்து, வங்கியிலிருந்து கடிதம் வந்தது.

அந்நியச் செலாவணி மேசையில் அப்போது ஓர் அம்மா இருந்தார். நான்கு நாள் என்னை எதிரில் உட்கார வைத்தார். "தம்பி, அவங்க கொடுத்தது எவ்வளவு, வழியில பிடிச்சது எவ்வளவு, உங்க கணக்குல விழுந்தது எவ்வளவு? மூணும் ஒரே தாள்ல இருக்கணும்" என்றார். பதினேழையும் என் கையாலேயே எழுத வைத்தார். சரக்கு போகும் முன்பே பணம் வந்தால் அது முன்பணம், நோக்கக் குறியீடு பி0103 என்று போடு என்பதும் அவர் சொன்னதுதான். பதினேழும் மூடின.

இன்னொரு முறை, மெல்போர்ன் வாடிக்கையாளர் ஒருவருடைய கார்டு கணக்கில் கடைப்பெயருக்குப் பதில் அப்பா பெயரிலிருந்த நிறுவனப் பெயர் விழுந்திருந்தது. யாரென்று தெரியாமல் அவர் புகார் கொடுக்க, இரண்டு மாதம் கழித்துப் பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்திட்ட டெலிவரி சீட்டை அனுப்பித்தான் மீட்டேன். மறுநாளே பெயரை மாற்றினேன்.

இப்போதைய பிள்ளைகள் வாடிக்கையாளர் தரும் பணத்தைக் கனடாவில் இருக்கும் மாமாவை வாங்கிக்கொள்ளச் சொல்லி, குடும்பச் செலவு என்று பி1301 குறியீட்டில் வரவழைக்கிறார்கள். கட்டணம் மிச்சமாம். விற்ற காசைச் செலவுக்கு வந்த காசு என்று எழுதுவது பொய்க்கணக்கு. அந்த ஷிப்பிங் பில்லுக்கு எந்த வரவைக் காட்டுவார்கள்? இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்தக் கணக்குத் தாள்கள் வருஷத்துக்கு ஒரு கோப்பாக என் கடையில் இருக்கின்றன. தொழில் தொடங்குகிறவர்கள் வந்து புரட்டிப் பாருங்கள். காசு வேண்டாம், ஒரு நாள் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.